ஆறு டின் செர்ரி கையில் இருக்கிறது. போன வருடம் கேக் பச்சையாகிவிட்டது. வழி சொல்லுங்கள்

கேள்வி: கரண்டிக்காரன்

எங்கள் வீட்டு விடுமுறை விருந்தில் இனிப்பு எப்போதும் அம்மாவின் கைவேலை. அவருக்கு மணிக்கட்டு வலி வந்த பிறகு, மூன்று வருடங்களாக அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் இரண்டு வருடங்கள் எதையோ கிண்டி ஒப்பேற்றிவிட்டேன். போன வருடம் ஆசை கூடிவிட்டது. டின்னில் வரும் கறுப்புச் செர்ரியைப் போட்டு கேக் செய்தேன்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டின்னைத் திறந்தேன். பழத்தோடு பாகில் பாதியையும் மாவில் ஊற்றினேன். பாகும் இனிப்புதானே, வீணாக்குவானேன் என்ற கணக்கு. மாவு நீர்த்துப்போனது போல் தெரிந்ததால், நன்றாக எழும்பட்டும் என்று சமையல் சோடாவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். ஓவனிலிருந்து எடுத்தபோது மேற்பரப்பு பொன்னிறமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கத்தியை இறக்கிய பிறகுதான் வண்டவாளம் வெளியே வந்தது. பழமெல்லாம் கிணற்றுக் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பழத்தையும் சுற்றி நீலமும் பச்சையும் கலந்த ஒரு வளையம். பூஞ்சை பிடித்த ரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே நிறம்.

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். மாமா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். அந்தத் துண்டில்தானா அது இருக்க வேண்டும்? 'டக்' என்ற சத்தம் மேசையின் மறுகோடி வரை கேட்டது. 'கொட்டை நீக்கியது' என்று டின்னில் அச்சடித்திருந்ததை நம்பியது என் தவறு. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே என்னைப் பார்த்தாலும், "மருமகனே, இன்றைக்குக் கொட்டை உண்டா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்.

இந்த வருடம் அக்கா, என்னைத் தேற்றுவதற்கோ கேலி செய்வதற்கோ தெரியவில்லை, ஆறு டின் வாங்கி அனுப்பியிருக்கிறாள். எல்லாம் கெட்டிப் பாகில் போட்ட இனிப்புச் செர்ரி. டின்னுக்கு 425 கிராம். விருந்துக்குப் பதினான்கு பேர். அவர்களில் இருவர் சின்னக் குழந்தைகள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய்.

நான் கேட்க வந்தது இதுதான். அந்தப் பச்சை ஏன் வந்தது? பழம் ஏன் மூழ்கியது? பாகை என்ன செய்வது? கேக்கை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யலாமா, அல்லது இந்த டின்களை அலமாரியிலேயே ஒளித்துவிட்டுப் புதுப் பழத்துக்குக் காத்திருப்பதுதான் மரியாதையா? இன்னொன்று: ஒரு டின் ஓரத்தில் நசுங்கியிருக்கிறது.

---

பதில்: பழைய அடுப்பு

தம்பி, கேக் கெட்டதில் எனக்கு வருத்தமில்லை. பாகை அப்படியே மாவில் ஊற்றினீர்கள் பாருங்கள், அங்கேதான் கை துடிக்கிறது. டின்னுக்குள் இருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. பழம் ஒன்று, பாகு ஒன்று. இரண்டையும் முதலில் பிரித்துவிட வேண்டும். பிறகு எதற்கு எது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும், டின் முடிவு செய்யக் கூடாது.

நான் முப்பது வருடமாகச் செய்வதைச் சொல்கிறேன். ஒரு பாத்திரத்தின் மேல் வடிகட்டியை வைத்து டின்னைக் கவிழ்த்துவிட்டு, அரை மணி நேரம் அந்தப் பக்கமே போக மாட்டேன். அழுத்துவதும் இல்லை, கரண்டியால் கிளறுவதும் இல்லை. பிறகு கறை பட்டாலும் கவலையில்லாத ஒரு பழைய பருத்தித் துணியை விரித்து, பழங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புவேன். அப்புறம் சின்னக் கத்தியால் ஒவ்வொன்றையும் இரண்டாக வகுப்பேன். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடாதீர்கள். இயந்திரம் கொட்டை எடுக்கும்போது எங்கேயாவது ஒன்று தப்பிவிடும். முழுப் பழத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தால் சில சமயம் ஏமாந்துபோவோம், கத்தி ஏமாறாது. உங்கள் மாமாவின் கேள்விக்கும் அதுவே பதில். குழந்தைகளுக்கும் முழுப் பழம் தொண்டையில் சிக்குகிற அளவு. பாதியாக்கியும் கொடுக்காதீர்கள், இன்னும் சிறிதாக நறுக்கிக் கொடுங்கள்.

இனிப் பாகு. ஒரு கோப்பைப் பாகுக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவர். மாவைச் சூடான பாகில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். ஆறிய பாகிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அதில் மாவைக் கரைத்து, மீதிப் பாகு அடுப்பில் சூடேறும்போது ஊற்றிக் கிளற வேண்டும். அந்த நேரம் கொஞ்சம் பயமுறுத்தும். அழகான கருஞ்சிவப்பு, பால் விட்ட மாதிரி வெளிறி, சாம்பல் கலந்த ஊதாவாகிவிடும். 'போச்சு' என்று நினைக்கத் தோன்றும். கிளறுவதை நிறுத்தாதீர்கள். கொதி வந்து குமிழ்கள் கனமாக வெடிக்கத் தொடங்கும்போது அந்த மேகம் கலைந்து, பாகு கண்ணாடி மாதிரித் தெளியும். கரண்டியைத் தூக்கினால் பின்புறத்தில் ஒரு படலம் நிற்கும். விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாது. ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் மாவின் பிடிப்பு தளர்ந்து, மறுபடி நீர்த்துப்போகும். கடைசியாகப் பழத்தைப் போட்டு ஒரு முறை புரட்டினால் போதும். டின் பழம் ஏற்கெனவே வெந்த பழம், தம்பி. அதை மறுபடி வேகவைத்தால் தோல் தனியாக, சதை தனியாகக் கழன்றுவிடும்.

எலுமிச்சை ஏன் என்று கேட்பீர்கள். இனிப்புச் செர்ரி ஒரு மரம், புளிப்புச் செர்ரி வேறு மரம். பழைய சமையல் குறிப்புகளில் செர்ரி பை, செர்ரி கேக் என்று இருப்பவற்றில் பெரும்பாலானவை புளிப்புச் செர்ரிக்கு எழுதப்பட்டவை. ஜெர்மனியில் பிளாக் ஃபாரஸ்ட் கேக்கையே புளிப்புச் செர்ரியில்தான் வழக்கமாகச் செய்கிறார்கள். அந்தக் குறிப்பில் உள்ள சர்க்கரை அளவை வைத்துக்கொண்டு, கெட்டிப் பாகில் ஊறிய இனிப்புச் செர்ரியைப் போட்டால் நாக்கு மரத்துப்போகும். சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள். எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். பழம் அப்போதுதான் பழமாகத் தெரியும்.

வேறு என்ன செய்யலாம் என்றால், கிளாஃபூட்டி. பெயரைக் கண்டு மிரளாதீர்கள். பிரான்சில் லிமூசின் பகுதியின் வீட்டுப் பலகாரம். முட்டை 3, மைதா 60 கிராம், சர்க்கரை 60 கிராம், பால் 300 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. இவ்வளவையும் கட்டியில்லாமல் அடித்து, வெண்ணெய் தடவிய தட்டில் ஒரு டின் பழத்தைப் பரப்பி, மேலே ஊற்றி, 180 டிகிரியில் ஏறக்குறைய 40 நிமிடம். ஓரம் உப்பி, நடுப்பகுதி லேசாக ஆடும்போது எடுத்துவிடுங்கள். ஆறும்போது அமுங்கிப்போகும், பதற வேண்டாம், அதன் சுபாவமே அது. சோடா கிடையாது, எனவே பச்சையும் கிடையாது. பழம் அடியில் இருப்பதுதான் அதற்கு முறை, எனவே மூழ்கியது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பாதுகாப்பான பலகாரம் இல்லை.

ஊர்க்காரர்கள் அதில் கொட்டையோடுதான் பழத்தைப் போடுவார்கள். கொட்டையிலிருந்து ஒரு பாதாம் வாசனை இறங்கும் என்பதற்காக. உங்கள் வீட்டில் அந்த வழக்கத்தைத் தொடங்க வேண்டாம். இரண்டு சொட்டு பாதாம் எசன்ஸ் விட்டால் அதே வாசனை கிடைக்கும். இரண்டே சொட்டு, மூன்றாவது சொட்டில் மருந்து வாடை வந்துவிடும்.

நசுங்கிய டின்னைப் பற்றி. விளிம்பிலோ மூடி சேரும் மடிப்பிலோ நசுங்கியிருந்தால், உப்பியிருந்தால், கசிந்திருந்தால், திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். சுவைத்துப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் அல்ல இது. உடம்பின் நடுவில் லேசான பள்ளம் என்றால் பிழையில்லை. ஓரம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த ஓரம் என்று எழுதவில்லை.

---

பதில்: சோதனைக்குழாய்

பச்சைக்குக் காரணம் சோடாதான். செர்ரியின் சிவப்பைத் தரும் நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். புளிப்பு இருந்தால் அது சிவப்பாக இருக்கும். காரத்தன்மை கூடினால் ஊதா, நீலம், பச்சை என்று போய்க்கொண்டே இருக்கும். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு வெள்ளைச் சாசரில் அரைக் கரண்டி பாகு விட்டு, ஒன்றில் ஒரு சொட்டு எலுமிச்சை, மற்றொன்றில் ஒரு சிட்டிகை சோடா போட்டுப் பாருங்கள். இருவரும் ஒரே டின்னில் பிறந்தவர்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

எனவே கேக்தான் வேண்டும் என்றால் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் பயன்படுத்துங்கள். குறிப்பில் சோடா கட்டாயம் என்றால், அதை ஈடுகட்டும் அளவுக்கு மாவில் தயிரோ மோரோ இருக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவும் காரத்தன்மை உள்ளதுதான். அடித்த வெள்ளைக்கருவில் செர்ரிப் பாகைக் கலந்து இளஞ்சிவப்பு வரும் என்று எதிர்பார்த்து, சாம்பல் நிறத்தைக் கண்டு விழித்தவன் நான்.

மீந்த பழத்தைத் திறந்த டின்னிலேயே ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். காற்றுப் பட்டதும் புளிப்பு உலோகத்தைக் கரைக்கத் தொடங்கும், வாயில் இரும்புச் சுவை வரும். கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றினால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

அப்பாவுக்காக ஒரு சொல். கெட்டிப் பாகுப் பழத்தைத் தண்ணீரில் அலசிவிட்டால் சர்க்கரை போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மேலே ஒட்டியிருப்பது மட்டும்தான் போகும், உள்ளே ஊறியது அங்கேயே இருக்கும். வெறும் தண்ணீரில் போட்ட செர்ரி டின்னும் விற்கிறது. அவருக்கு அதில் ஒன்று வாங்கிவிடுங்கள். பழத்துக்கே உரிய சர்க்கரை அதிலும் உண்டு, அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

---

பதில்: மிளகுப்பொடி

எல்லோரும் இனிப்பையே பேசுகிறீர்கள். ஆறு டின்னையும் இனிப்பாக்கினால் பதினான்கு பேரும் இரவு முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு டின்னை என் பேச்சைக் கேட்டு ஒதுக்குங்கள். பாகை மட்டும் அகலமான வாணலியில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, இரண்டு கரண்டி வினிகர், தாராளமாக இடித்த மிளகு, ஒரு துண்டு பட்டை, உப்பு. இறக்கும்போது பழம். வாத்தோ பன்றியோ கோழியோ, வறுத்த இறைச்சி எதுவானாலும் கொழுப்பை வெட்ட இதைவிட நல்ல துணை கிடையாது. மாவு தேவையில்லை, சுண்டினாலே பளபளப்பு வந்துவிடும்.

பழம் மூழ்குவது பற்றிப் பழைய அடுப்பு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழத்தை மைதாவில் புரட்டிப் போடு என்று நூறு பேர் சொல்வார்கள். நானும் புரட்டியிருக்கிறேன், அது மாவு பூசிக்கொண்டு மூழ்கியது. உண்மையில் விஷயம் மாவின் கெட்டித்தன்மையில் இருக்கிறது. கரண்டியிலிருந்து தானாக ஒழுகும் மாவு என்றால் எதைப் பூசினாலும் நிற்காது. தட்டினால்தான் விழும் என்கிற பதம் வேண்டும். பாதி மாவை வெறுமனே ஊற்றிவிட்டு, மீதியோடு பழத்தைக் கலந்து மேலே வைப்பதும் உதவும். பாதியாக வெட்டிய பழம் எடை குறைவு என்பதால் அதுவும் நல்லதே.

புதுப் பழத்துக்குக் காத்திருப்பதா என்று கேட்டீர்கள். வேகவைக்காமல் அப்படியே சாப்பிடப் புதுப் பழம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வேகப்போகிற பழத்துக்கு டின்னைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கறுப்பு இனிப்புச் செர்ரி என்றால் பலருக்கும் நினைவுக்கு வரும் பிங் ரகம், அமெரிக்காவின் ஆரிகானில் 1870களில் உருவானது. தோட்டத்தில் வேலை பார்த்த சீனக் கண்காணிப்பாளரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். சதை இறுக்கமான ரகம், அதனால்தான் டின்னுக்குள் போயும் குழையாமல் நிற்கிறது. கேக் மேல் வைக்கும் அந்தப் பளீர்ச் சிவப்பு மணியை மட்டும் இதோடு குழப்பாதீர்கள். அது வெளிர் நிறச் செர்ரியை உப்புக் கரைசல் போன்ற ஒன்றில் போட்டு வெளுக்கவைத்து, பிறகு சாயமும் சர்க்கரையும் ஏற்றியது.

---

பதில்: பழைய அடுப்பு

மிளகுப்பொடி சொன்னது சரி, மூழ்குவதை மறந்துவிட்டேன். மைதாவில் புரட்டுவதை மட்டும் நான் விடமாட்டேன். நிற்கிறதோ இல்லையோ, சாறு கசிவதைக் குறைக்கிறது.

பொங்கும் பாகைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. 'செர்ரி ஜூபிலி' என்று ஒன்று உண்டு. விக்டோரியா ராணியின் ஆட்சிக் கொண்டாட்டத்துக்காக எஸ்கோஃபியே என்ற சமையல் மேதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். கெட்டியாக்கிய பாகில் செர்ரி, மேலே செர்ரி மதுவை ஊற்றித் தீ வைப்பது. ஐஸ்கிரீம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நான் நெருப்பை விட்டுவிட்டேன், ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டேன். இளஞ்சூட்டில் இருக்கும் அந்தப் பாகும் பழமும் குளிர்ந்த ஐஸ்கிரீம் மேல் விழுந்ததும், விளிம்பில் ஒரு நூல் அளவுக்கு உறைந்து இழுக்கும். அந்த நூலுக்காகத்தான் எங்கள் வீட்டில் சண்டை.

---

மீண்டும்: கரண்டிக்காரன்

ஒரு டின்னை எடுத்து இந்த வாரம் ஒத்திகை பார்த்துவிட்டேன். முதலில் சாசர் சோதனை. சோடா போட்டது என் போன வருட கேக்கின் நிறத்தை அப்படியே எடுத்துக் காட்டியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போன வருடமே சாசரில் செய்திருக்கலாமே" என்றார்.

அரை மணி வடித்தேன். கிடைத்த பாகு ஒரு கோப்பைக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவையா பழமென்று நினைத்துக்கொண்டிருந்தேன்! வெட்டும்போது, பாதிக்கு மேல் தாண்டிய பிறகு, கத்தி ஓரிடத்தில் நின்றது. ஒரு கொட்டை. கழுவித் துடைத்து ஒரு சின்னத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன், மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு.

மாவு ஊற்றியதும் பாகு சாம்பலாக மாறும் என்று பழைய அடுப்பு அம்மா எழுதியிருக்காவிட்டால் நான் நிச்சயம் சிங்க்கில் கொட்டியிருப்பேன். கொதித்ததும் தெளிந்தது. எலுமிச்சை விட்டதும் நிறம் இன்னும் ஒரு படி துலங்கியது. கிளாஃபூட்டிக்கு எசன்ஸ் இரண்டு சொட்டு என்றீர்கள், என் கை நடுங்கி மூன்றாகிவிட்டது. நீங்கள் சொன்ன மருந்து வாடையும் சரியாக வந்தது. ஆனாலும் தட்டு காலி.

விருந்துக்கு இப்போதைய திட்டம்: கிளாஃபூட்டி இரண்டு, ஐஸ்கிரீமுக்குப் பாகு, மிளகுப்பொடியின் வினிகர்ச் சாறு. கேக் இந்த வருடம் கிடையாது. அப்பாவுக்குத் தண்ணீரில் போட்ட டின் ஒன்று தேடிப் பிடித்துவிட்டேன். நசுங்கியிருந்தது மூடி சேரும் மடிப்பில்தான், குப்பைக்குப் போயிற்று. ஒத்திகைக்கு ஒன்று போக, மீதி நான்கு இருக்க வேண்டும். இன்று எண்ணினேன், மூன்றுதான் இருக்கிறது. சிங்க்கில் ஒரு காலி டின் கழுவிக் கவிழ்த்திருக்கிறது, அம்மாவின் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு வளையம். கேட்டால், மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார்.